பாறைக்கும் நதிக்கும் இடையே ஒரு திருத்தலம்

லோசான் நகரில் இரயிலேறி, லெமான் ஏரிக்கரை கடந்து, ரோன் நதியின் போக்கிற்கு எதிராகச் சென்றால், ஒரு மணி நேரத்திற்குள் இருபுறத்து மலைகளும் நெருங்கி வந்துவிடுகின்றன. செங்குத்துப் பாறைக்கும் நதிக்கும் இடையே எஞ்சிய குறுகிய நிலத்தில் அமைந்துள்ள சிற்றூரே சேன் மொரீஸ். உரோமையர் காலத்துப் பெயர் அகானும். பாறை என்பதே அதன் பொருள்.

மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்து நாட்டுத் தேபைப் படையினர் தம் தலைவர் மொரீசியாருடன் இங்குக் கொலையுண்டனர் என்பது மரபு. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துமாறு பேரரசன் மாக்சிமியான் இட்ட கட்டளையை அவர்கள் மறுத்தனர். ஐந்தாம் நூற்றாண்டில் இவ்வரலாற்றை எழுதிய லியோன் ஆயர் யூக்கேரியுஸ், படையினர் சுமார் 6,600 பேர் என்கிறார். வரலாற்றாசிரியர் பலர் அத்தொகையை ஏற்பதில்லை. தொகை குறைந்தால் சாட்சியமும் குறைந்துவிடுமோ?

515-இல் பர்கண்டி அரசர் சிகிஸ்மண்டு இங்குத் துறவு மடம் நிறுவினார். துறவியர் அணியணியாய் முறைவைத்து, இரவும் பகலும் ஓயாது திருப்பாடல் இசைத்தனர். அதே அரசர் 522-இல் மனைவியின் சொற்கேட்டுத் தம் மகனையே கொல்வித்தார்! பின்னர் மனம் வெதும்பி, இம்மடத்திற்கே வந்து நோன்பிருந்து அழுதார். மடத்தைக் கட்டியவராய் அன்றி, பாவியாய் அந்த வாயிலில் அவர் நின்ற கோலத்தை எண்ணிப் பாருங்கள். ஈராண்டிற்குள் அவரும் கொலையுண்டார். அவர் உடலும் இங்கேயே கொணரப்பட்டது. ஓயாத பாடல் ஒன்பதாம் நூற்றாண்டில் நின்றது. எனினும் இறைமன்றாட்டு அற்றுப்போகவில்லை. 1128 முதல் அகுஸ்தினார் ஒழுங்கைப் பின்பற்றும் குருக்கள் இங்கு வாழ்கின்றனர். 1930-களில் இவர்களுள் சிலர் நம் நாட்டுக் காலிம்போங் மலைப்பகுதிக்கு மறைபரப்பு வந்ததுண்டு.

காத்து நின்ற பாறையே கோவிலைத் தாக்கியதும் உண்டு. 1611-இல் பாறை சரிந்து ஆலயம் அழிந்தது. சற்றுத் தள்ளிப் புதிதாய்க் கட்டினர். 1942-இல் மீண்டும் பாறை வீழ்ந்து மணிக்கூண்டு நொறுங்கியது. மறுபடியும் எழுப்பினர். இன்று அதில் 49 மணிகள் உள்ளன.

மடத்தின் கருவூலத்தில் மணிக்கல்லில் குடைந்த புனித மார்த்தினார் கலசமும், குரு தெயுதெரிக்கு செய்வித்த பொற்பேழையும் காணத்தக்கவை. சிறுவர்க்கோ ஊருக்கு வெளியேயுள்ள குகையே பெரிதாய்த் தோன்றும். மலையின் உள்ளேயே 77 மீட்டர் உயர அருவி கொட்டுகிறது.

செல்ல விரும்புவோர் செப்டம்பர் 22-ஆம் நாளைத் தெரிந்துகொள்வது நன்று. அது மொரீசியாரின் திருநாள். அன்று திருப்பண்டப் பேழைகளைத் தோளில் சுமந்து, மணிகள் ஒலிக்க, ஊர்த் தெருக்களில் பவனியாக வருகின்றனர்.