நடனமாடும் பூமியில் நாங்கள்!

சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, பெருங்காயம் என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு, போன வருஷம் பிப்ரவரி கடைசியில் இத்தாலிக்கு விமானம் ஏறினேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு இவ்ரேயா என்ற ஊரில் வேலை. தூரின் நகரத்துக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். எனக்குக் கொடுத்த விசா 90 நாள். அதற்குள் பிள்ளையைப் பெறவைத்து, நாற்பது நாள் பத்தியம் பார்த்து, குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதுதான் என் கணக்கு.

மிலான் விமான நிலையத்திலிருந்து காரில் வரும்போதே அந்தக் கரையைப் பார்த்துவிட்டேன். வலது பக்கத்தில், தூரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல ஒரே நேராக ஒரு மேடு. நான் சின்னமனூர்க்காரி. பிறந்ததிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தே வளர்ந்தவள். மலை என்றால் ஏறி இறங்கித்தானே இருக்கும்? இது கண்மாய்க் கரை மாதிரி இருந்தது. "யாருங்க மாப்பிள்ளை இவ்வளவு பெரிய கரையைப் போட்டது?" என்றேன். "பனி போட்டது அத்தை" என்றார். நான் கேலி என்றே நினைத்தேன்.

மார்ச் நடுவில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். ஆனால் மகள் முகத்தில் சந்தோஷமே இல்லை. பாலுக்குக் குழந்தை அழுதால் இவளும் சேர்ந்து அழுவாள். முதல் பத்து, பதினைந்து நாள் இப்படி மனசு கலங்குவது சகஜம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் ஆகியும் தீரவில்லை. "நீ போனப்புறம் நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று இதையே திரும்பத் திரும்பக் கேட்பாள்.

நானோ, பச்சை உடம்பு, காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, காதில் பஞ்சு வைத்து, பூண்டுக் குழம்பும் பத்தியமுமாக அவளைக் கட்டிலோடு வைத்திருந்தேன். என் அம்மா எனக்குச் செய்ததைத்தானே நானும் செய்ய முடியும்? ஆனால் என் அம்மா வீட்டில் பத்துப் பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே மாப்பிள்ளை காலையில் போனால் மாலையில்தான் வருவார். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

மாப்பிள்ளைதான் ஒரு நாள் அவளைக் குடும்பநல மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த மருத்துவச்சி அம்மாள் ஒரு மணி நேரம் பேசினார். வாரா வாரம் டாக்டரிடம் வந்து மனம் விட்டுப் பேச வேண்டும் என்றும், தினமும் குழந்தையோடு வெளியே நடக்க வேண்டும் என்றும் சொன்னார். "குளிருதே!" என்றேன் நான். மாப்பிள்ளை மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் சிரித்தார். குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ளும் முறையையும் காட்டிக்கொடுத்தார். நான் கொண்டு போயிருந்த பழைய நூல் புடவையைக் கிழித்ததில் அருமையான துணி கிடைத்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஜெயித்த சந்தோஷம் எனக்கு!

முதல் நாள் தெருக்கோடி வரைதான். அப்புறம் தோரா பால்தேயா ஆற்றுப் பாலம் வரை. ஒரு வாரம் கழித்து ஸீரியோ ஏரி.

இவ்ரேயாவுக்கு வடக்கே குன்றுகளுக்கு நடுவில் சின்னச் சின்னதாக ஐந்து ஏரிகள். ஸீரியோ, சான் மிக்கேலே, பிஸ்தோனோ, நேரோ, கம்பாஞா என்று பெயர். எல்லாவற்றையும் சுற்றிவர ஒரு முழு நாள் நடக்கத் தெம்பு வேண்டும். நாங்கள் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். மரத்திலும் கல்லிலும் சிவப்பு, வெள்ளைப் பட்டை அடித்து வழி காட்டியிருக்கிறார்கள். வயதானவர்கள்கூடக் கையில் ஒரு கம்போடு சாவகாசமாக நடக்கிறார்கள். புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக என்னைப் பார்த்ததும் எல்லாரும் தலையசைத்து வணக்கம் சொன்னார்கள். முதல் நாள் செருப்போடு போய் ஈரப் பாறையில் வழுக்கி உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஷூ.

அந்தப் பாறைகளைத்தான் சொல்ல வேண்டும். அம்மிக்கல் தேய்ந்த மாதிரி வழவழப்பு! சிலவற்றில் ஒரே திசையில் நீள நீளமாகக் கீறல். "இதெல்லாம் பனி தேய்ச்சது அத்தை" என்று மாப்பிள்ளை விளக்கியபோதுதான் அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை என்று புரிந்தது.

விஷயம் இதுதான். ஆதி காலத்தில் ஆல்ப்ஸ் மலையில், மோன் பிளாங், மோன்தே ரோசா சிகரங்களில் விழுந்த பனி, கோடையில் உருகித் தீராமல் வருஷா வருஷம் மேலே மேலே சேர்ந்து, கெட்டிப் பனிக்கட்டி ஆறாக அவோஸ்தா பள்ளத்தாக்கு வழியாக இறங்கியதாம். ஆறு என்றால் தண்ணீர் போல ஓடுவதல்ல. கெட்டி மாவு நகர்வது போல மெல்ல மெல்ல நகர்வது. ஆட்டுக்கல்லில் அரைக்கும்போது மாவு ஓரத்தில் ஒதுங்கும் பாருங்கள், அப்படி, வரும் வழியில் உடைத்த கல்லையும் மண்ணையும் இரண்டு ஓரத்திலும் முன்னாலும் ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. பல லட்சம் வருஷங்களில் பல முறை வந்து வந்து பின்வாங்கியது. கடைசியாகப் பின்வாங்கி 15,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பனி போய்விட்டது, ஒதுக்கியது மட்டும் நிற்கிறது. நான் பார்த்த அந்தக் கரைக்கு 'செர்ரா' என்று பெயர். 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சில இடங்களில் சில நூறு மீட்டர் உயரம். ஐரோப்பாவிலேயே இந்த ஜாதியில் மிகப் பெரியவற்றில் ஒன்று. இதையும் மற்றக் கரைகளையும் சேர்த்து வட்டமாகப் பார்த்தால் சுமார் 500 சதுர கிலோமீட்டர் கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் ஊர்.

ஐந்து ஏரிகளும் கரை கட்டித் தேங்கியவை அல்ல. அந்தப் பனி கெட்டிப் பாறையையே குடைந்த பள்ளங்கள். கிண்ணத்தின் ஓரத்தில் இருக்கும் விவெரோனே ஏரிதான் நம் கண்மாய் மாதிரி, பனி ஒதுக்கிய கரையை ஒட்டித் தேங்கியது. வெண்கலக் காலத்து மக்கள் அங்கே தண்ணீருக்குள் கம்பம் நட்டு வீடு கட்டிக் குடியிருந்தார்களாம். அந்த மிச்சங்களை 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஏரிக்குள் வீடு கட்டி அந்தத் தாய்மார்கள் தவழும் பிள்ளைகளை எப்படித்தான் சமாளித்தார்களோ! எனக்கு அந்தக் கவலைதான் வந்தது.

அந்த ஏரிக்குப் போகும் வழியில், செர்ராவின் அடிவாரத்தில் பொல்லெங்கோ கிராமத்துக்குப் பக்கத்தில், கோயில் இல்லாமல் மணிக்கூண்டு மட்டும் தனியாக நிற்கிறது. அங்கே முதுகில் மூட்டையோடு நடந்துபோன இரண்டு பெண்களைப் பார்த்தோம். இங்கிலாந்தின் கான்டர்பரியிலிருந்து ரோமுக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையாம் அது. 990-இல் சிகெரிக் என்ற பேராயர் ரோமிலிருந்து திரும்பிய வழியைக் குறித்துவைத்தபோது, இவ்ரேயாவும் அதில் ஒரு தங்குமிடம். நம் பழனி பாதயாத்திரை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி நின்று, என் மகளின் மார்பில் தூங்கிய குழந்தையை எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். மகளும் பதில் சொன்னாள். வெளி மனுஷியிடம் அவள் தானாகப் பேசி நான் பார்த்து வெகு நாளாயிற்று.

நடந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நாளும் உண்டு. பாதி வழியில் உட்கார்ந்து "முடியலம்மா" என்று திரும்பிய நாளும் உண்டு. டாக்டரைப் பார்ப்பதை அவள் ஒரு வாரமும் விடவில்லை. என் விசா நாட்கள் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தன.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு பிஸ்தோனோ ஏரிக்குப் போனோம். மேலே குன்றில் மொந்தால்தோ தோரா கோட்டை, கீழே ஏரித் தண்ணீரில் அதன் நிழல். அங்கிருந்து காட்டுக்குள் சற்று நடந்தால் ஓர் இடம். 'தெர்ரே பல்லெரீனே' என்று பெயர். நடனமாடும் நிலம் என்று அர்த்தம். பார்வைக்கு ஒன்றுமில்லை. புல், சருகு, ஒல்லியான மரங்கள். ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததாம். செடி கொடிகள் மக்கி மக்கிக் கெட்டியான மெத்தை மாதிரி ஆகிவிட, அதன்மேல் மரமும் முளைத்துவிட்டது. மெத்தைக்கு அடியில் இன்னும் நீர் ஊறிக் கிடக்கிறது.

கால் வைத்ததும் தரை அமுங்கி எழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாப்பிள்ளை குழந்தையைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தார். "அத்தை, ஒரு தடவை குதிச்சுப் பாருங்க" என்றார்.

"நல்லாச் சொன்னீங்க! முழங்கால் வலிக்காரி குதிக்கவா?"

மகள் மரத்தடியில் எங்கேயோ பார்த்தபடி நின்றிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, கொசுவத்தைத் தூக்கிச் செருகினேன். குதித்தேன். பத்தடி தள்ளி நின்ற மரமெல்லாம் தலையை ஆட்டின! இன்னொரு குதி. மகள் சாய்ந்திருந்த மரமும் ஆடி அவளையும் ஆட்டியது. "அம்மா! ஐயோ அம்மா, விழுந்துடாதே!" என்று கத்தியவள், கத்தின வாயோடு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. அவளே போய் வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு கட்டையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

மற்ற நாள் என்றால் பச்சைக் குழந்தையைக் காட்டுக்குள் வைத்துக்கொண்டு இதென்ன என்று சண்டைக்குப் போயிருப்பேன். அன்று வாய் திறக்கவில்லை. புல்தரையில் உண்ணி உண்டென்று மாப்பிள்ளை எச்சரித்திருந்ததால், வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய கணுக்காலையும் முழங்கால் மடிப்பையும் தேடிப் பார்த்ததோடு சரி. அங்கே போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. காலை மூடும் உடுப்பும் அவசியம்.

மே கடைசியில் கிளம்பினேன். வழியில் காரை நிறுத்தச் சொல்லி அந்த நேர்க்கோட்டுக் கரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மகள் விமான நிலையத்தில் அழுதாள், நானும்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையிலிருந்து போன் செய்கிறாள். "குழந்தைக்குத் தொப்பி போட்டியாடி?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "அதை விடும்மா, தவளை கத்துது கேளு" என்று போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிவிடுவாள்.