பந்தை உயர்த்திக் கொடுத்தவர்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்தேன். அருகிலிருந்த வெற்று நிலத்தில் மாலைதோறும் கரப்பந்தாட்டம் நடக்கும். அணிக்கு ஆறு பேர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோரும் கலந்தே ஆடுவோம். எனது சிங்களம் திருந்தியது அங்கேதான்.

எனக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர் ஒரு சிங்கள இளைஞர். 1983 ஜூலைக் கலவரத்தின்போது என்னைத் தமது வீட்டில் மூன்று நாட்கள் மறைத்துவைத்தவர் அவரே. அதுவரை அவரது முழுப்பெயர்கூட எனக்குத் தெரியாது.

1991இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாயிற்று. அதற்குள் எங்கள் நிலத்தில் மாடிக் கட்டடம் எழுந்துவிட்டது. இன்றும் அவ்வழியே செல்லும்போது, இப்பகுதி இளைஞர்கள் மாலையில் எங்கே கூடுகிறார்கள் என்று கண்கள் தேடும். முன்பின் அறியாதவர்கள் நண்பர்களாவதற்கு ஒரு வலையும் பந்தும் போதும். ஆனால், வலை கட்டக் கொஞ்சம் நிலம் வேண்டுமே!