ஒத்தை ஷூவும் ஒரு டேக் டீமும்

வேலூரில் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் ஊர்களுக்குப் பேப்பர்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'லெதர் பெல்ட்'. ஆனால் ஆம்பூரில் ஒரு வீட்டில் பெல்ட் என்றால் அர்த்தம் வேறு. தாம்பாளத் தட்டு மாதிரி தங்கக் கலரில் மின்னுமே, ஜெயித்தவன் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவானே, அந்த பெல்ட்!

அந்த வீட்டில் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். இரண்டு பேருக்கும் டபிள்யூடபிள்யூஈ பைத்தியம். டென் ஸ்போர்ட்ஸில் பார்த்ததையெல்லாம் பாயில் செய்து பார்ப்பார்கள். அண்ணன் எப்போதும் அண்டர்டேக்கர். தம்பி எப்போதும் அடி வாங்குகிறவன் (தம்பியாகப் பிறந்தவர்களுக்கு இது புரியும்). தலையணை கிழிந்து பஞ்சு பறந்த அன்று அம்மா இரண்டு பேருக்கும் கொடுத்தது மட்டும் ஸ்கிரிப்டில் இல்லாத நிஜ அடி.

"எல்லாம் டுபாக்கூர்டா. முன்னாடியே பேசி வெச்சிக்கினு அடிச்சிக்கிறானுங்க" என்பார் தாத்தா. ஆனால் கிங்காங் - தாராசிங் பேச்சு வந்தால் அவரே விடிய விடியச் சொல்வார். ஹங்கேரியில் பிறந்த கிங்காங்கும் பஞ்சாபில் பிறந்த தாராசிங்கும் எதிரிகள்தான். இருந்தாலும் தமிழ்நாட்டில் அந்த இரண்டு பெயரையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். இட்லி சாம்பார் மாதிரி ஒரே மூச்சில் வரும். எதிரிகளே ஜோடியாகிவிடுகிற விளையாட்டு அது.

எதிரிகளாக இல்லாமல் ஒரே பக்கம் நிற்கும் ஜோடிக்கு 'டேக் டீம்' என்று பெயர். விதி ரொம்ப சிம்பிள். ஒருவர் உள்ளே, ஒருவர் கயிற்றுக்கு வெளியே. உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரின் கையைத் தொட்டால் ஆள் மாறும். தொட விடாமல் எதிரணி அவரைத் தங்கள் மூலையிலேயே வைத்து மொத்தும். அவர் தவழ்ந்து தவழ்ந்து வருவார். வெளியே நிற்பவர் கையை நீட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை அடி தூரம்தான் மொத்த ஆட்டமும்.

இந்தியாவிலிருந்து அப்படிப் போன ஒரு ஜோடியின் பெயர் இண்டஸ் ஷேர். இண்டஸ் என்றால் சிந்து நதி. ஷேர் என்றால் சிங்கம் என்று ஆம்பூரில் உருது பேசும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். (தம்பி ரொம்ப நாள் அதை ஷேர் ஆட்டோ ஷேர் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். யோசித்தால் அதுவும் பெரிய தப்பில்லை.)

இந்த ஜோடியில் ஒருவரைத் தமிழ்நாட்டுக்கே தெரியும். 2013-இல் ஸ்டார் பிளஸில் தொடங்கி, விஜய் டிவியில் தமிழ் பேசி வந்த மகாபாரதத்தின் பீமன். நிஜப் பெயர் சௌரவ் குர்ஜர். மத்தியப் பிரதேசத்துக்காரர், கிக் பாக்ஸிங்கிலிருந்து வந்தவர். பீமன் ஆவதற்கு முன்பே, 2012-இல் கலர்ஸ் டிவியில் வந்த 'ரிங் கா கிங்' என்ற மல்யுத்த நிகழ்ச்சியில் 'டெட்லி டண்டா' என்ற பெயரில் இறங்கியவர். ஆம்பூர் வீட்டில் மகாபாரதம் ஓடிய நாட்களில் அம்மாவும் கூட உட்கார்ந்து பார்ப்பார். ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துவிட்டு கம்பெனி வேனில் வந்து இறங்கியதும், முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக டிவி முன்னால்தான்.

மற்றவர் ரிங்கு சிங். (கிரிக்கெட் ரிங்கு இல்லை, இவர் வேறு!) உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டம். அப்பா லாரி டிரைவர். ஊரில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர், 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டிக்குப் போனார். பேஸ்பால் பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் எறிய வேண்டும். கிட்டத்தட்ட 37,000 பேர் வந்த அந்தப் போட்டியில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து முதலாவதாக வந்தார். பரிசு ஒரு லட்சம் டாலர். அதுவரை அவர் பேஸ்பால் ஆடியதே இல்லை. ரிங்குவும், கூடவே தேர்வான தினேஷ் படேலும் அமெரிக்கா போய், அந்த வருடமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இந்தியர்கள் அங்கே தொழில்முறை பேஸ்பாலுக்குப் போனது அதுதான் முதல் தடவை. 2014-இல் டிஸ்னி இதைப் படமாகவே எடுத்தது. இசை நம்ம ஏ.ஆர். ரஹ்மான்.

படம் முடிகிற இடத்தில் எல்லாம் சுபம். நிஜத்தில் தினேஷ் சில வருடங்களிலேயே ஊர் திரும்பினார். ரிங்கு கீழ்மட்ட லீகுகளிலேயே இருந்தார். முழங்கையில் ஆபரேஷன், அதன் பிறகும் காயங்கள். மேஜர் லீக் கதவு திறக்கவே இல்லை. ரிங்குவின் முதல் ஜோடிக் கதை அப்படி முடிந்தது.

2018 தொடக்கத்தில் ரிங்குவும் சௌரவும் டபிள்யூடபிள்யூஈ-யில் சேர்ந்தார்கள். கம்பெனி இரண்டு பேரையும் ஜோடி சேர்த்தது. அதே வருடம்தான் அண்ணனும் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்தான். அங்கே முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: ஒரு ஜோடிக்கான இடது, வலது இரண்டையும் ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்ட வேண்டும். வேறு வேறு தோலில் வெட்டினால் கலர் லேசாக மாறும், சுருக்கம் மாறும். பேக்கிங்கில் பார்க்கிற பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

ரிங்குவும் சௌரவும் ஒரே தோலில் வெட்டியவர்கள் இல்லை. ஊர் வேறு, ஆட்டம் வேறு. ஒருவர் பந்தெறிந்தவர், ஒருவர் கதை தூக்கியவர். ஜோடி அமைய நாள் பிடித்தது. இரண்டு வருடம் ஃபுளோரிடாவில் பயிற்சி. கீழே விழுவதே ஒரு பாடம். இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் கேன்வாஸ் துணி. மேடை அவ்வளவுதான். முடிவு ஸ்கிரிப்டாக இருக்கலாம், பலகை ஸ்கிரிப்ட் இல்லை.

2020 மார்ச் கடைசியில் என்எக்ஸ்டி நிகழ்ச்சியில் இருவரும் டிவியில் முதல் முறை ஒன்றாக இறங்கினார்கள். அதே வாரம் இந்தியா லாக்டவுனில் பூட்டியது. அங்கே பார்க்க ஆளில்லாத காலி அரங்கு. இங்கே ஷூ கம்பெனி கேட் மூடிக் கிடந்தது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் செல்போனில் அந்த கிளிப்பைப் பார்த்துவிட்டு, "ம்மா, நம்ம பீமன் வந்துட்டான்!" என்று கத்தினான். கைதட்ட அங்கே யாருமில்லை. ஆம்பூரில் மூன்று பேர் தட்டினார்கள்.

2021 குடியரசு தினத்தன்று 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டாகிள்' என்று இந்தியாவுக்காகவே ஒரு நிகழ்ச்சி வந்தது. அதில் டிரூ மெக்கின்டையரோடு சேர்ந்து இண்டஸ் ஷேர், ஜிந்தர் மகால் அணியை வென்றது. ஜோடி மேலே போகப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த மே மாதமே கம்பெனி ஜோடியைப் பிரித்தது. ரிங்கு 'வீர்' என்ற பெயரில் பெரிய நிகழ்ச்சியான ராவுக்கு, ஜிந்தர் மகாலின் ஆளாகப் போனார். சௌரவ் கீழேயே நின்றுவிட்டார். பிறகு 'சங்கா' என்ற பெயரில் இன்னொருவருக்கு பாடிகார்டாக நடந்தார். மகாபாரதத்தில் ஜராசந்தனை இரண்டாகக் கிழித்தவன் பீமன். கிழித்த பாதிகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கமும் மாற்றி எறிந்தான். அந்தப் பீமனுக்கே இப்படி ஆனது.

"ஏன்டா பிரிச்சானுங்க?" என்று கேட்டார் அம்மா.

"ஒருத்தன் நல்லா வருவான்னு நெனச்சி மேல எடுத்துட்டாங்கம்மா."

"ஒத்தை ஷூ எவ்ளோ நல்லா இருந்தா என்னடா? எவன் வாங்குவான்?"

இதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. இருபது வருடமாக அப்பர் தைக்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இதன் பிறகு நடந்தது காமெடி. 2021 அக்டோபரிலிருந்து 'வீர் மகான் வருகிறார்' என்று ராவில் விளம்பரம் போட்டார்கள். நெற்றியில் திருநீறு, நீளமான முடி, முறைப்பு. அடுத்த வாரமும் 'வருகிறார்'. அதற்கடுத்த வாரமும் 'வருகிறார்'. மாதக் கணக்கில் வந்துகொண்டே இருந்தார். இன்டர்நெட் முழுக்கக் கிண்டல். "இதுவும் ரஜினி கட்சி மாதிரிதான் போல" என்று தம்பி முடிவே செய்துவிட்டான். ஆனால் 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி நிஜமாகவே வந்தார். ரே மிஸ்டீரியோவையும் அவர் மகன் டொமினிக்கையும் புரட்டி எடுத்தார். சில வாரங்கள் மிரட்டல். பிறகு மெல்ல மெல்லக் காணாமல் போனார்.

அந்த வருடக் கடைசியில் என்எக்ஸ்டியில் வீர், சங்கா இருவரையும் மறுபடி சேர்த்தார்கள். இண்டஸ் ஷேர் என்ற பெயரும் திரும்பியது. 2023-இல் ஜிந்தர் மகாலும் சேர்ந்துகொள்ள, ஜோடி ஜோடியாகவே ராவுக்குப் போனது. ஒட்டாது என்று எறிந்த பாதிகள் ஒட்டிக்கொண்டன.

அதே வருடம் செப்டம்பர் 8. ஹைதராபாத் கச்சிபௌலி உள்விளையாட்டு அரங்கம். 2017 டிசம்பரில் டெல்லிக்கு வந்த பிறகு டபிள்யூடபிள்யூஈ இந்தியாவுக்கு வந்தது அப்போதுதான். ஜான் சீனாவே வந்திருந்தார். காட்பாடியில் ஏறினால் ஒரு ராத்திரிப் பயணம்தான், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அண்ணனும் தம்பியும் வாயே திறக்கவில்லை. டிவியில் பார்த்தார்கள். இண்டஸ் ஷேருக்கு எதிரே கெவின் ஓவன்ஸ், சாமி ஜெய்ன். பெல்ட் பந்தயத்தில் இல்லை, வெறும் டேக் டீம் ஆட்டம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு அன்றைக்கு ஒரு வரியை மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. இந்திய மண், இந்திய ஜோடி. ஒரே ஒரு ராத்திரி ஜெயித்து நிற்க விட்டிருக்கலாம். விடவில்லை. வெற்றி வந்தவர்களோடே திரும்பிப் போனது.

தம்பிக்குத் தாங்கவில்லை. "இதுக்குப் போயி இவங்கள எதுக்குக் கூட்டியாறணும்?" என்று ரிமோட்டைப் போட்டான். அப்போது அண்ணன் ஒன்று சொன்னான். மல்யுத்தத்தில் எதிராளி பெரிய ஆளாகத் தெரிவதற்காகத் தோற்றுக் கொடுப்பதற்கு 'ஜாப்' என்று பெயர். அதைச் செய்பவர் 'ஜாப்பர்'. ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர் முழுக்கவும் 'ஜாப் ஒர்க்' என்று ஒன்று உண்டு. அடுத்தவர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பது, அடுத்தவர் பெயர் போட்ட ஷூவுக்கு அப்பர் தைத்துக் கொடுப்பது. "நான் வெட்டுற ஷூவுல எம் பேராடா போடுறான்? அதுக்காக கோணலாவா வெட்டுறேன்?" என்றான்.

தம்பி பதில் பேசவில்லை. அது ஆறுதலா, வருத்தமா என்று அவனுக்கு விளங்கவில்லை. அண்ணனுக்கே விளங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான். தோற்பவர் சரியாக விழாவிட்டால் ஜெயிப்பவரின் அடிக்கு மதிப்பே கிடையாது. அந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். பார்க்கிறவர்கள் கண் பெல்ட்டில் இருக்கும். (அந்த பெல்ட்டும் தோல்தான் என்பது வேறு விஷயம். தட்டு மட்டும்தான் உலோகம்.)

2024 ஏப்ரலில், தமிழ்நாடு எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுப் போட்ட அதே வாரத்தில், செய்தி வந்தது. ஜிந்தர் மகால், வீர், சங்கா மூவரையும் கம்பெனி விடுவித்துவிட்டது. ஆறு வருட வேலை. பெரிய மேடையில் ஒரு பெல்ட் கூட இல்லாமல் முடிந்தது.

தம்பி அப்போது கல்லூரி முடித்து சென்னையில் வேலை தேடிப் போகும் ஏற்பாட்டில் இருந்தான். பையில் துணி அடுக்கிக்கொண்டே செய்தியைப் படித்துக் காட்டினான். அண்ணன் மையிட்ட விரலோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அம்மாதான் கேட்டார்:

"ரெண்டு பேரையும் சேர்த்தா அனுப்பினானுங்க?"

"ஆமாம்மா. ஒண்ணாத்தான்."

"அப்ப பரவால்ல" என்றார் அம்மா.