பாறையின் ஓசை

கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் தோண்டினர். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தங்கம் எடுத்த இடம் வெற்றிடமாயிற்று. மேலுள்ள நிலத்தின் பாரம் முழுவதையும் எஞ்சிய பாறையே சுமந்தது. சுமக்க இயலாதபோது அது திடீரென வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீடுகள் அதிரும். கீழே வேலைக்குச் சென்றவரை எண்ணிக் குடும்பங்கள் கலங்கும்.

தொழிலாளர் கம்பியால் பாறையைத் தட்டி, ஓசையைக் கொண்டே அதன் உறுதியை அறிந்தனர். அதுவும் ஆய்வுதானே! பின்னர் அறிவியலாளர் அதிர்வு உணரும் கருவிகளைப் பொருத்தினர். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தோன்றியது.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைப்பது நின்றது. ஆழங்களில் வெள்ளம் நிறைந்தது. அதன் பின்னரும் நிலம் அவ்வப்போது அதிர்ந்தது.