சுவரில் அழித்த அளவுகள்

பூட்டுக் கடைக்காரர் ஒருவர்தான் அந்த வீட்டுக்கு வழி சொன்னார். "ஆசாரி போய் நாப்பத்தஞ்சு நாளாச்சு. பட்டறையை அந்தம்மா இன்னும் ஒதுக்கல. பாக்கணும்னா இப்பவே போய்ப் பாத்துருங்க" என்றார். குரலில் துக்கம் இருந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் கவலையும் இருந்தது. பன்னிரண்டு பெல் பூட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாராம்.

நாகல் நகர்ச் சந்துகளில் நுழைந்து நடந்தேன். திண்டுக்கல்லில் பூட்டு செய்யும் இடத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரிய ஆலைக் கூரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவார்கள். நாகல் நகர், நல்லாம்பட்டி, யாகப்பன்பட்டி என்று ஊரைச் சுற்றியுள்ள இடங்களில் பூட்டு வீட்டுக்குள்தான் பிறக்கிறது. ஒரு வீட்டில் உடல் தட்டுவார்கள், இன்னொரு வீட்டில் சாவிக்குப் பல் வெட்டுவார்கள், மூன்றாவது வீட்டில் பாலிஷ். வாசலில் கோலம், அதற்கு இரண்டடி தள்ளி இரும்புத் தூள். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும், இது பூட்டு வீடு என்று.

ஏன் இந்த ஊரில் பூட்டு என்று கேட்டால் கடைவீதியில் இரண்டு பதில் தயாராக இருக்கும். சுற்று வட்டாரத்தில் இரும்பு கிடைத்தது என்பது ஒன்று. மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசலும் செம்மண்ணுமான காட்டில், வேளாண்மை கைவிடும் மாதங்களுக்கு ஒரு கைத்தொழில் வேண்டியிருந்தது என்பது மற்றது. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். இரும்பு எத்தனையோ ஊரில் கிடைத்தது. எல்லா ஊரும் பூட்டு செய்யவில்லை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் ஆசாரி. எழுபத்தொரு வயதில், ஒரு மாலையில், வேலை முடித்துக் கை கழுவிவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. வீட்டின் முன்பக்கத்து ஓட்டுச் சாய்ப்புதான் பட்டறை. பத்தடிக்கு எட்டடி இருக்கலாம். ஆசாரியின் மனைவியான அந்த அம்மா கதவைத் திறந்துவிட்டு, "பாருங்க தம்பி, எதையும் இடம் மாத்த வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

ஒரு பட்டறையை வைத்து ஆளைப் படித்துவிடலாம் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. தச்சர், குயவர், தறிக்காரர் என்று பல பட்டறைகளில் உட்கார்ந்து எழுந்ததால் வந்த கர்வம். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

நடுவில் புளியங்கட்டை ஒன்று, பாதி மண்ணுக்குள். அதன் மேல் இரும்புப் பட்டடை. பக்கத்தில் வைஸ், தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் உயரத்துக்கு இறக்கி முடுக்கியது. உட்காரும் இடத்தில் மடித்த சாக்கு. சாக்குக்கு இடப்புறம் கிழக்கு ஜன்னல். வலது கையால் அராவுகிறவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழலே வேலையின் மேல் விழும். ஆக, வலக்கைக்காரர். எழுதிக்கொண்டேன்.

சுவரில் ஆணி வரிசை. பன்னிரண்டு அங்குலத் தட்டை அரத்தில் தொடங்கி, எலிவால் போன்ற உருண்டை அரம் வரை உயரப்படி தொங்கின. தேய்ந்த அரத்தை இவர் எறிந்ததில்லை. பல் மழுங்கிய இரண்டு அரங்கள் உளியாக மாறியிருந்தன, ஒன்று சுரண்டியாக. பித்தளைத் தூளுக்குத் தனி டப்பா, எடை போட்டு விற்கிற சரக்கு அது. இரும்புத் தூள் அதில் கலந்தால் விலை போகாது என்பதால், பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியில் சுற்றி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சிக்கனமான மனிதர். எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அரத்தின் பிடிகளைப் பார்த்தேன். வேப்பமரப் பிடி, வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றியது. பல வருஷம் ஒரே கை பிடித்தால் மரத்தில் கட்டைவிரலுக்கு ஒரு குழி விழும். பெரிய அரங்களில் அந்தக் குழி ஒரு பக்கம் இருந்தது. சின்ன அரங்களில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஆறேழு அரங்களை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பெரியது வலது கைக்கு, சிறியது இடது கைக்கு. "இரு கையாலும் வேலை செய்தவர், முரட்டு வேலைக்கு வலது, நுணுக்க வேலைக்கு இடது" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கட்டுரைக்கு நல்ல தொடக்கம் கிடைத்துவிட்ட சந்தோஷம்.

அம்மா காப்பியோடு வந்தார். "ஐயா ரெண்டு கையாலயும் ராவுவாங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சின்ன அரத்தையா சொல்றீக? அது என்னுது."

கட்டைக்கு எதிர்ப்புறம் இருந்த இன்னொரு சாக்கை, வந்தவர் உட்காரப் போட்டது என்று நினைத்து நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அது அவருடைய இடம். ஜன்னல் அங்கே வலப்பக்கம். இடது கையால் அராவுகிறவருக்குத் தோதான வெளிச்சம்.

"எங்க வீட்ல நொட்டாங்கைனு சொல்லிச் சொல்லி அடிப்பாங்க. சோத்துல கை வச்சாலும் அடி, கோலப்பொடி தொட்டாலும் அடி. இங்க வந்தப்புறம் அதுவே தோதாப் போச்சு. எதுத்தாப்புல உக்காந்தா ரெண்டு பேருக்கும் ஒரே சன்னல் போதும்னு அவுகதான் சொன்னாக."

அதற்குப் பிறகு நான் குறிப்பேட்டை மூடிவிட்டு அவர் பேசுவதைக் கேட்டேன். உடல் தட்டுவது, வளையம் வளைப்பது, தாழ்ப்பாளை அடித்து உருவாக்குவது, ரிவிட் அடிப்பது எல்லாம் ஆசாரியின் வேலை. லீவரும் சாவிப் பல்லும் அம்மாவின் வேலை. விஷயம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

லீவர் பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சுருள் அல்லது பட்டை ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு உண்டு. சாவியின் பற்கள் எல்லாத் தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கி, எல்லா வெட்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் தாழ்ப்பாளில் உள்ள முளை உள்ளே நுழையும், பூட்டு திறக்கும். ஒரு தகடு மயிரிழை குறைவாகத் தூக்கப்பட்டாலும் நகராது. மயிரிழை கூடினாலும் நகராது. இந்தக் கூடுதலும் கூடாது என்பதுதான் சூட்சுமம். 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் இதற்குத்தான் காப்புரிமை வாங்கினார்.

ஆலையில் சாவியும் லீவரும் கணக்குப் போட்டு இயந்திரத்தில் வெட்டப்படுகின்றன. அலிகாரிலிருந்து மலிவு விலையில் வந்து இறங்கும் பூட்டுகள் அப்படித்தான். இங்கே முதலில் சாவி பிறக்கிறது. பிறகு அந்தச் சாவிக்காக ஒவ்வொரு லீவராக அராவுகிறார்கள். விளக்குக் கரியைச் சாவியில் தடவி உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தால், எங்கே உரசுகிறது என்று கரி சொல்லிவிடும். அங்கே இரண்டு இழுப்பு. மறுபடியும் கரி, மறுபடியும் இரண்டு இழுப்பு. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராததற்குக் காரணம் இந்த இழுப்புதான். கையால் அராவியதை அதே கை நினைத்தாலும் அச்சு அசலாகத் திரும்ப அராவ முடியாது.

திண்டுக்கல்லில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்ததாகச் சொல்வார்கள். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, டிராயர் பூட்டு, கோயில் கதவுக்கான பெரிய பூட்டு. பெல் பூட்டில் சாவியைத் திருப்பும்போது உள்ளே மணி அடிக்கும். பின்கட்டில் படுத்திருக்கும் முதலாளிக்குக் கல்லாவைத் திறப்பது கேட்டுவிடும். தவறான சாவியைப் போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு விடாத பூட்டும் உண்டு. இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் லண்டனில் இருந்தது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டு, யாராவது கள்ளத்தனமாக நோண்டினால் இறுகிக்கொண்டு உடையவருக்குக் காட்டிக்கொடுக்கும். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை அரை மணி நேரத்துக்குள் திறந்துவிட்டார். பிராமா கம்பெனிப் பூட்டுக்கு அவருக்கே பதினாறு நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். ஹாப்ஸைவிடப் பூட்டைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்டார். உள்ளே எத்தனை லீவர், ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று. பாதிக்கு மேல் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கடைவீதியில் ஆசாரியின் பூட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. கள்ளச்சாவி ஏறாத பூட்டு என்பார்கள். எனக்கு வழி சொன்ன கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். கள்ளச்சாவியை ஏறவிடாதது லீவர். லீவர் அம்மாவின் இடது கை.

"இதை ஐயா வெளில சொன்னதில்லையாம்மா?"

"அவுக யார்ட்டயும் மறைக்கல. யாரும் கேக்கல."

இந்தப் பதில் என்னையும் சேர்த்துத்தான். இதற்கு முன் போன பட்டறைகளின் குறிப்பேடுகளை வீட்டுக்கு வந்ததும் புரட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் வருகிறாள், காப்பி கொண்டு வருகிறாள், போய்விடுகிறாள். அவள் கையை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் அதே நேரத்தில்தான். பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் விண்ணப்பித்து வாங்கியது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது ஊரின் பெயரைத்தான் காக்கும், உருப்படிக் கூலியை அல்ல. பூட்டின் நெற்றியில் அடிப்பது விற்கிறவரின் முத்திரை. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. செய்தவரின் மனைவி பெயருக்கு எங்கே போவது? இம்மாதிரிப் பட்டறைச் சாமான்களை வாங்கி ஒரு காட்சிக்கூடம் வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். வைக்கட்டும். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லா அரத்தையும் அடுக்கி "பூட்டு ஆசாரியின் கருவிகள்" என்று சீட்டு ஒட்டினால், நான் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்ட அதே தப்பைப் பெரிய எழுத்தில் எழுதியதாகும்.

ஆசாரியைப் பற்றிப் பட்டறை ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொன்னது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பல இடங்களில் மங்கி, ஈரத் துணியால் துடைத்த வட்டங்களாக இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில். அதன் நடுவே பென்சிலில் சில எண்கள், ஐந்து வரிசை. வெள்ளையடிக்காத சுவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். சாவிப் பல்லின் உயரங்களாம் அவை. பூட்டு செய்யும்போது சுவரில் எழுதிக்கொள்வார். பூட்டு கைமாறிய அன்றைக்குத் துணியை நனைத்து அழித்துவிடுவார்.

"சாவி அளவு நம்மகிட்ட இருக்கக் கூடாதும்பாக. காயிதத்துல எழுதுனா காயிதம் எங்கயாச்சும் போயிரும். செவுரு எங்கயும் போகாது, அழிச்சா அழிஞ்சிரும்."

சாவி தொலைந்து போயிற்று, இன்னொன்று செய்து கொடுங்கள் என்று வருகிறவரிடம் பூட்டைக் கொண்டு வரச் சொல்லுவாராம். எவ்வளவு தெரிந்தவரானாலும் சரி. வராந்தாவில் ஒரு கோணிப்பை நிறையப் பழைய பூட்டுகள் கிடக்கின்றன. கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பழைய இரும்புக்காரர் கேட்டும் அவர் போடவில்லை. "ஆளு வந்து கேட்டா?" என்பாராம். ஒன்றில் கட்டியிருந்த அட்டைச் சீட்டின் மை முற்றிலும் வெளிறிப்போய்விட்டது.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வை வேலையில் இருக்கிறார். அப்பா, அம்மா இருவரிடமும் அராவக் கற்றுக்கொண்டவர்; பத்தாவது படிக்கும்போதே விட்டுவிட்டார். அதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். "அவனுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது" என்றார் அம்மா. அதற்கு மேல் பேசவில்லை.

கடைக்காரரின் பன்னிரண்டு பெல் பூட்டில் ஏழு போய்ச் சேர்ந்துவிட்டது. மீதி ஐந்துக்கும் உடல் தட்டி வைத்துவிட்டுத்தான் ஆசாரி படுத்திருக்கிறார். லீவர் பாக்கி. காரியம் முடிந்த மறுநாளே உட்கார்ந்துவிட்டதாக அம்மா சொன்னார். ரிவிட் அடிக்க மட்டும் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வருகிறார். கடைக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "மிச்சத்தை யார் செய்வானு அவர் கேக்கலையே" என்றார்.

கிளம்பும்போது படம் எடுக்கலாமா என்று கேட்டேன். பட்டடையை எடுத்தேன், இரண்டு சாக்கையும் எடுத்தேன். ஒரு பெரிய அரத்தையும் ஒரு சின்ன அரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குழி தெரிகிற மாதிரி எடுத்தேன். சுவர்ப் பக்கம் போனைத் திருப்பியபோது அம்மா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். அந்த ஐந்து பூட்டும் இன்னும் கைமாறவில்லை.