நால்வர் ஆடும் ஆட்டம்

பிட்ஸ்பர்க், ஜனவரி 20

கிளையன்ட்டோடு முதல் வீடியோ அழைப்பு. நான்கு பேர் கூடி ஆடும் விளையாட்டுகளுக்குச் சின்னச் சின்ன புரோட்டோடைப்புகள் வேண்டுமாம். பிடித்ததை அவர்களே வளர்த்தெடுத்துக்கொள்வார்கள். கார்னகி மெலனின் இந்த என்டர்டெய்ன்மென்ட் டெக்னாலஜி சென்டரில் படிப்பே இப்படித்தான்: ஒரு பருவம், ஒரு குழு, ஒரு புராஜெக்ட். 2005-இல் இங்கு படித்த நால்வர், ஒரு விளையாட்டை ஒருவரே ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டு, ஒரே பருவத்தில் ஐம்பதுக்கும் மேல் செய்து குவித்தார்கள். அதில் ஒன்றான ‘டவர் ஆஃப் கூ’தான் 2008-இல் ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ ஆனது. மற்றவை பெரும்பாலும் அப்படியே நின்றுபோயின. அதுவும் வேலைதான் என்று எங்கள் புரொட்யூசர் சொன்னாள். எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

பிப்ரவரி 5

நாங்கள் செய்த படகு விளையாட்டுக்குப் பிளேடெஸ்ட். நால்வருக்கும் ஆளுக்கொரு துடுப்பு. பக்கத்து அறைக்காரர்களை உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே கைதேர்ந்த ஒருவன், “நீ இழு, நீ நிறுத்து” என்று உத்தரவு போடத் தொடங்கினான். மற்ற மூவரும் பட்டன் அழுத்தும் விரல்களாகிவிட்டார்கள். ‘பாண்டெமிக்’ போன்ற பலகை விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கம்: எல்லாத் தகவலும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தால், அனுபவசாலி ஒருவரே நால்வருக்கும் சேர்த்து ஆடிவிடுகிறார். ஒரே கட்சியில் இருப்பதால் மட்டும் யாரும் கூடி ஆடிவிடுவதில்லை.

பிப்ரவரி 19

தகவலைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தோம். ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ காட்டிய வழி இது. அதில் வெடிகுண்டு ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். செயலிழக்கச் செய்யும் கையேடு மற்றவர்களிடம் இருக்கும். பேசாமல் தப்பவே முடியாது. எங்கள் மாதிரியில் ஒரு குகையின் வரைபடம் நான்கு ஃபோன்களில் துண்டு துண்டாக இருக்கிறது. படங்கள் இன்னும் வெறும் சதுரங்கள்தான். ஆனாலும் அறையில் ஒரே சத்தம். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், “இரு இரு, கதவு என் பக்கம்தான் இருக்கு!” என்று கத்தினாள். இந்தப் பருவத்தில் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அது.

மார்ச் 18

கிளையன்ட் ஆளுக்குத் தனித்தனியாக ஸ்கோர் கேட்கிறார்கள். நாங்கள் மறுத்தோம். விளையாட்டு எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைத்தான் ஆட்டக்காரர்கள் செய்வார்கள். 2012-இல் வந்த ‘ஜர்னி’யின் ஆரம்ப மாதிரியில் ஒருவரை ஒருவர் தள்ள முடிந்தது; உதவத்தான் தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தால், பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தார்கள். மோதலையே எடுத்துவிட்ட பிறகுதான் முன்பின் தெரியாத இருவர் அதில் சேர்ந்து நடந்தார்கள். தனி ஸ்கோரும் அப்படித் தள்ளிவிடும் கைதான்.

“சரி, தான் இருந்ததால்தான் ஜெயித்தோம் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் அவர்களின் டிசைனர். நியாயமான கேள்வி. எதிரில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மார்ச் 21

டிசைனர் கேட்டதற்கு விடை ‘லெஃப்ட் 4 டெட்’டில் இருக்கிறது. அதில் ஹன்டர் என்னும் எதிரி பாய்ந்து அமுக்கிவிட்டால், சிக்கியவர் தானாக எழ முடியாது. கூட இருப்பவர் வந்து மீட்டாக வேண்டும். நீ வேண்டும் என்பதை எண்ணால் சொல்லாமல் விதியால் சொல்கிறார்கள். எங்கள் குகையிலும் வலை வைத்தோம். சிக்கியவருக்குத் தன் வரைபடம் மட்டும் பளிச்சென்று தெரியும், கால் நகராது. மீட்க வருபவருக்கு வழி சொல்ல அவர் ஒருவரால்தான் முடியும். சிக்கியவரே அந்த நேரத்தில் குழுவுக்கு அதிகம் தேவைப்படுகிறார். இதை யோசித்தவள் எங்கள் ஆர்டிஸ்ட்.

ஏப்ரல் 24

படகைக் கைவிட்டோம். அதில்தான் தண்ணீரும் வெளிச்சமும் அத்தனை அழகு. ஆர்டிஸ்டுக்கு மனசே இல்லை, எனக்கும்தான். கிளையன்ட் குகையை எடுத்துக்கொள்கிறார்கள். நடு ஆட்டத்தில் ஒருவரின் இணைப்பு அறுந்தால் அவர் வரைபடத் துண்டு யாருக்குப் போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மீதி மூவருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்கிறான் புரோகிராமர். அவர் திரும்பி வரும்வரை அந்தப் பகுதி இருட்டாகவே இருக்கட்டும் என்கிறேன் நான். நாளை இரண்டையும் ஆடவிட்டுப் பார்க்கப்போகிறோம்.