ஒருவர்க்கான கூடாரம்

கூடாரம் என்பது வீடிழந்தவர்க்கு வீடு. வீடுள்ளவர்க்கோ விரும்பிச் சென்று தங்கும் இடம். இவ்விரு வகையாலும் அதனை அறிந்தவன் என்ற முறையில், சென்ற ஆண்டு ஒருவர்க்கான கூடாரமொன்றைத் தெரிவுசெய்ய நான் பட்ட பாட்டினை இங்குக் கூற விரும்புகின்றேன்.

பேராதனையிற் பயிலும் எவரும் ஹந்தானை மலையை அண்ணாந்து நோக்காது தம் காலத்தைக் கழித்துவிட முடியாது. அம்மலையிலே தொடங்கி, கலஹா, ஹப்புத்தளை, எல்ல முதலிய இடங்களினூடாக நுவரெலியாப் பகுதியிற் சென்று முடியும் பீக்கோ நடைவழி 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளமுடையது. 22 பகுதிகளாக வகுக்கப்பட்டது. அதன் முதற் பகுதியையேனும் தனித்து நடந்து, மலையிலே ஓரிரவு தங்கவேண்டுமென்ற ஆசை எனக்குண்டாயிற்று. தனியே நடப்பவன் உணவையும் உறைவிடத்தையும் தானே சுமக்க வேண்டும். ஆதலின், எத்தகைய கூடாரம் என்ற வினாவே முதலில் எழுந்தது.

அதற்கு முன்னர் ஒருமுறை நண்பர்களோடு நக்கிள்ஸ் மலைக்குச் சென்றிருந்தேன். இரவல் வாங்கிய கூடாரம் நால்வர்க்குரியது, முறைவைத்துச் சுமந்தோம். நடுச்சாமத்தில் முகத்திலே நீர்த்துளிகள் விழுந்தன. கூடாரம் ஒழுகுகின்றதென்று அனைவரும் அதனைத் திட்டினோம். வெளியே சென்று பார்த்தால் மழையே இல்லை, வானத்தில் விண்மீன்கள்! எமது மூச்சே நீராகி எம்மீது சொரிந்ததென்பதைப் பின்னரே அறிந்துகொண்டேன். மழையை உள்ளே விடாத துணி, நீராவியை வெளியே விடுவதுமில்லை. மூச்சும் ஈரவுடையும் தந்த ஆவி குளிர்ந்த துணியிற் பட்டு நீராகிவிடுகின்றது. ஒற்றைத் துணியாலான கூடாரங்களின் குறை இது. உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, இடையிலே காற்று என அமைந்த இரட்டைக் கூடாரத்தில் இத்தொல்லை குறைவு. அட்டைகளும் நுளம்புகளும் நிறைந்த எமது மலைகளில் அவ்வலை தரும் நன்மை வேறு.

அடுத்தது எடை. ஒருவர்க்கான இரட்டைக் கூடாரங்கள் பெரும்பாலும் ஒரு கிலோகிராமுக்கும் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் இடைப்பட்டவை. அலுமினியக் கழிகளோடு வருபவற்றுட் பல முளையடிக்காமலே நிற்க வல்லன. பாறை நிலத்துக்கு அவையே உகந்தவை. நடப்போன் கையிலுள்ள ஊன்றுகோலையே நடுக்காலாகக் கொள்பவை அவற்றினும் இலேசானவை. ஆயின் முளை இறங்கும் மண் அவற்றுக்கு வேண்டும். 1955 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைவழி முழுவதையும் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட் என்ற 67 வயது மூதாட்டி கூடாரமே கொண்டு செல்லவில்லை. குளியலறைத் திரைச்சீலையொன்றே அவருக்கு மழைக்காப்பு! எடையைக் குறைப்பதென்பது, எதை விட்டுச்செல்லத் துணிகின்றோம் என்பதே என அவர் கதை எனக்குணர்த்தியது.

துணியைப் பற்றியும் சில கூறவேண்டும். நைலோன் வலிமையானது, எனினும் நனைந்தால் நெகிழ்ந்து தொய்யும், இரவில் எழுந்து கயிறுகளை இறுக்க நேரும். பொலியெஸ்தர் அவ்வளவு தொய்வதில்லை. துணியின்மேற் பூசப்படும் பொலியூரிதேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் மிகுந்த எம் நாட்டிற் சில ஆண்டுகளிற் பிசுபிசுத்து உரிந்துவிடும். சிலிக்கன் பூச்சு நெடுநாள் நிற்கும். ஆனால் அதன்மேல் வழக்கமான ஒட்டுநாடா ஒட்டாதாகையால், தையல்களை வாங்குபவரே பசைபூசி அடைக்கவேண்டி வரும். மழையிலே கட்டும்போது வெளித்துணியை முதலில் நிறுத்தக்கூடியதாயின் உள்ளிடம் நனையாது.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டபின், விடுதியறைத் தரையிலே 210 சென்ரிமீற்றர் நீளமும் 75 சென்ரிமீற்றர் அகலமுமாகச் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, அதற்குட் படுத்துப் பார்த்தேன். ஒருவர்க்கான கூடாரத்தின் தரையளவு ஏறத்தாழ அவ்வளவே. அறைத்தோழன், "இதற்குள் எப்படியடா புரளுவாய்?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2009 ஆம் ஆண்டில், எனக்கு ஏழு வயதானபோது, வவுனியா மாவட்டத்து முகாமொன்றில் நாங்கள் எழுவர் ஒரே கூடாரத்தில் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தோம். அங்கு ஒருவர்க்கு இவ்வளவு இடம் இருந்ததில்லை. அம்மம்மா காலை நீட்டினால் நான் மடக்குவேன். பகலில் உள்ளே இருக்கவியலாத வெக்கை. மழை வந்தாலோ அம்மா அகப்பையாலும் கையாலும் சுற்றிவர வாய்க்கால் வெட்டுவார்.

ரியூசன் வகுப்பெடுத்துச் சேர்த்த பணத்தில், நாடு திரும்பவிருந்த வெளிநாட்டுப் பிரயாணியொருவரிடமிருந்து பழைய கூடாரமொன்றை வாங்கினேன். ஊன்றுகோலால் நிற்பது, சிலிக்கன் பூசிய பொலியெஸ்தர், எடை ஒரு கிலோகிராமளவு. விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுசென்று முற்றத்து மாமரத்தின் கீழே விரித்தேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "ஏன்ரா தம்பி, நாங்கள் கிடந்தது காணாதே?" என்றார்.

நான் படித்தறிந்த நியாயங்களுள் ஒன்றேனும் அவ்வேளையில் உதவவில்லை. மலையழகையும் தனிமையின் இனிமையையும் அவரிடம் எவ்வாறு கூறுவது? அவரோ அருகே வந்து குந்தியிருந்து, துணியை விரல்களால் நெருடிப் பார்த்தார். தையலோரமாகக் கையை ஓட்டி, "தைச்ச இடத்தால ஒழுகாதோ?" என்றார். நான் பல நாள் தேடிக் கற்றதனை அவர் ஒரு தொடுகையிற் கண்டுபிடித்துவிட்டார். பசைபூச வேண்டுமென்றேன்.

"எப்ப கழட்டுவாய்?"

"விடியக் கழட்டிடுவன், அம்மா."

அவர் மேலும் ஒன்றும் கூறாது தூரிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று மாலைவரை இருவருமாகத் தையல்களை அடைத்தோம். அவர் விட்ட இடமொன்றும் இல்லை.

அவ்வினாவின் பொருளைப் பின்னரே உணர்ந்தேன். முகாமில் எம்மை வருத்தியது கூடாரத்தின் சிறுமை மட்டுமன்று; அதனை எப்போது அவிழ்ப்பதென்று தீர்மானிக்கும் உரிமை எமக்கு இல்லாதிருந்ததே பெருந்துயர். அன்றைய கூடாரத்துக்கும் இன்றையதற்கும் உள்ள வேறுபாடு துணியிலோ எடையிலோ இல்லை. இதனை நானே கட்டுகின்றேன், நானே அவிழ்க்கின்றேன் என்பதிலேயே உள்ளது.

இரு வாரங்களின்பின் ஹந்தானையிலிருந்து கலஹாவரை தனியே நடந்தேன். அங்குள்ள தோட்டமொன்றில், சகமாணவன் ஒருவனின் வீட்டார் சொல்லிவைத்தபடி, லயத்துக்கு மேலுள்ள புற்றரையில் இடங்கிடைத்தது. அறுவர் வாழும் லயத்து அறையிலிருந்து அவன் தாயார் வந்து, "உள்ள எடம் இருக்குதே தம்பி, எதுக்கு வெளிய படுக்கிறீங்க?" என்று வருந்தினார். தேநீரை மட்டும் பெற்றுக்கொண்டேன். அவ்விரவு மழை பெய்தது. தையல்கள் ஒழுகவில்லை, வலைக்கு வெளியே அட்டைகள் ஊர்ந்தன. உள்ளே ஒருவன் மூச்சு மட்டுமே இருந்தது. அது சற்றுத் தனிமையாகவே இருந்ததென்பதையும் மறைப்பதற்கில்லை.

விடிந்ததும் முளைகளைப் பிடுங்கி, துணியை உதறிச் சுருட்டினேன். நீரூறிய கூடாரம் நேற்றையிலும் பாரமாயிருந்தது. பையைத் தோளிலேற்றிக்கொண்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கழட்டிப்போட்டன், அம்மா."

"அப்ப சரி" என்றார்.